பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்கு விட: எதை இடிப்பது, எப்படி இடிப்பது

பத்துப் பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடு. விற்க மனமில்லை, வந்து குடியிருக்கவும் ஆளில்லை. கொஞ்சம் செலவு செய்து வாடகைக்கு விடலாம் என்று முடிவானதும் முதலில் காதில் விழுவது, "எல்லாத்தையும் தட்டிட்டுப் புதுசாப் பண்ணிடலாம் சார்" என்கிற பேச்சுதான். சொல்கிறவருக்கு அதில் வேலை இருக்கிறது, சொல்வார். ஆனால் இடிக்கிற ஒவ்வொரு சுவருக்கும் நீங்கள் மூன்று கூலி கொடுக்க வேண்டும். உடைக்க ஒன்று, அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட ஒன்று, அதே இடத்தில் திரும்பக் கட்ட ஒன்று. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் ஆசைக்குச் செய்தோம் என்று விட்டுவிடலாம். வாடகை வீட்டில் அந்த மூன்றும் மாத வாடகையிலிருந்துதான் திரும்பி வர வேண்டும்.

அதனால் எதை இடிப்பது என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: குடிவருகிறவர் நாளைக்குப் போன் போட்டுப் புகார் சொல்லப் போகிற இடம் எது? ஒழுகும் கூரை, கசியும் பாத்ரூம், பழைய வயரிங், கரையான் ஏறிய கதவு நிலை. இவற்றைத் தயங்காமல் பிரித்து எடுத்துவிடுங்கள். ஹாலைப் பெரிதாக்க ஒரு குறுக்குச் சுவரை எடுக்கலாம், திண்ணையை இடித்து வரவேற்பறை ஆக்கலாம் என்பதெல்லாம் வீட்டுக்காரர் ரசனை. வாடகைக்கு வருகிறவர் கேட்பது தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே கழிவறை, தனி மீட்டர், வண்டி நிறுத்த இடம். பெரிய ஹாலுக்காக மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவரை நான் பார்த்ததில்லை.

பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துப் பழைய தெருக்களில் இருக்கும் நீளமான வீடு. முன்பக்கம் திண்ணையும் மெட்ராஸ் டெரஸ் தளமும் (மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய தளம்), நடுவில் முற்றமும் ஓட்டுக் கூரையும், பின்னால் எண்பதுகளில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் பாத்ரூம், கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட கொட்டகை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். ஒரே கூரைக்குக் கீழே நான்கு விதக் கட்டுமானம் இருக்கிறது. ஒன்றை இடிக்கும் முறை இன்னொன்றுக்கு ஒத்துவராது.

ஆள் வருவதற்கு முன்

முதலில் மாதத்தைப் பாருங்கள். கூரையில் கை வைக்கும் வேலை இருந்தால் தை பிறந்த பிறகு தொடங்கி வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கூரையைப் பிரித்துப் போட்டால் வடகிழக்குப் பருவமழை மண் சாந்துச் சுவரைக் கரைத்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். காற்றோடு வரும் மழையில் தார்ப்பாய் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்து அனுமதி. முழு வீட்டையும் இடிப்பதானால் நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி எதுவோ அங்கே அனுமதி வாங்க வேண்டும். பூச்சு கொத்துவது, தரை மாற்றுவது, கழிவறையைச் சீரமைப்பது போன்றவற்றுக்குப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. தாங்கு சுவரை எடுப்பது, தளத்தை மாற்றுவது, பரப்பைக் கூட்டுவது என்று போனால் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீடு கூட்டுச் சொத்தாக இருந்தால் மற்ற பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்க பார்த்துச் செய்யுங்கண்ணா" என்று போனில் சொன்னவர், பழைய தேக்கு உத்தரம் லாரியில் ஏறும் நாளன்று வாசலில் வந்து நிற்பதுண்டு.

பக்கத்து வீட்டுக்காரரை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எந்த நேரத்தில் சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக்குள் பொதுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அவர்கள் முன்னிலையிலேயே தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பின்னால் "உங்க வேலையாலதான் விரிஞ்சுது" என்ற பேச்சு வந்தால் பார்க்க ஏதாவது இருக்கும். அவர்களுடைய உத்தரக் கட்டை உங்கள் பக்கச் சுவருக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். பொதுச் சுவரை எந்த மேஸ்திரி என்ன சொன்னாலும் இடிக்க வேண்டாம். பூச்சை மட்டும் கொத்தினால் போதும்.

பிறகு வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஸ்குரூ டிரைவர், டேப், கலர் சாக்பீஸ். பூச்சைத் தட்டிக்கொண்டே போனால் பொக்கையாகக் கேட்கும் இடம் சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கே வட்டம் போடுங்கள். உத்தரமும் கட்டையும் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் இற்றுப் போகும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் சந்தேகப்படுங்கள். நிலைக்காலின் அடியையும் அப்படியே குத்திப் பாருங்கள். இடிக்க வேண்டியதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி, தொடக் கூடாததற்குப் பச்சை. குறி இல்லாத எதிலும் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

தாங்கு சுவரா, தடுப்புச் சுவரா?

தவறினால் உயிரே போகும் இடம் இது. பழைய வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தூண், பீம் என்று எதுவும் இருக்காது. சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. வாசற்படி இருக்கும் இடத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர், ஏதோ ஒன்றைத் தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை, ஆறு அங்குலம் என்றால் நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருக்கலாம். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதன் மேல் பரண் உட்கார்ந்திருக்கிறதா, மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் எழும்புகிறதா, தேக்குக் கட்டைகள் அதன் மேல் முடிகின்றனவா என்று பாருங்கள். தடுப்புச் சுவராகப் பிறந்தது கூட முப்பது வருடத்தில் தளம் கொஞ்சம் தொய்ந்து வந்து உட்கார்ந்ததால் தாங்கு சுவராகியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிவில் என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் ஒரு லோடு மணல் விலைகூட இருக்காது.

ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு வாசல் திறந்தே ஆக வேண்டும் என்றால் முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுங்கள். முட்டின் மேலும் கீழும் பலகை இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை ரெட் ஆக்சைடு தரை மேல் நிறுத்தினால் தரைதான் உள்ளே போகும். பிறகு வாசலுக்கு மேலே சுவரின் பாதிக் கனத்துக்கு ஒரு பக்கம் குடைந்து, லிண்டலோ (வாசலுக்கு மேல் சுமை தாங்கும் கான்கிரீட் கட்டை) இரும்பு கர்டரோ வைத்து, மேலே இடைவெளி இல்லாமல் கெட்டிச் சாந்து அடைத்து, அது இறுகிய பிறகு மறுபக்கம் குடைந்து இரண்டாவதை வையுங்கள். இரண்டு ஓரத்திலும் ஆறு முதல் எட்டு அங்குலமாவது சுவர் மேல் உட்கார வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கீழே இருக்கும் செங்கல்லை எடுக்கலாம். முதலில் ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் லிண்டல் வைப்போம் என்கிற மேஸ்திரிக்கு வேறு வேலை கொடுங்கள்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சன்ஷேடு. ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகை தானாக நிற்கவில்லை. லிண்டலின் மேல் இருக்கும் சுவரும் கைப்பிடிச் சுவரும் அழுத்துவதால்தான் நிற்கிறது. மேலே உள்ள சுவரை எடுத்தால் சன்ஷேடு அப்படியே கவிழும், கீழே நிற்பவர் தலையில் விழும். எனவே சன்ஷேடு, பால்கனி, வெளியே நீட்டிய பரண் எதுவாக இருந்தாலும் முதலில் அடியில் முட்டுக் கொடுத்து அதை உடைத்து இறக்குங்கள், அப்புறம்தான் மேல் சுவர். உடைக்கும்போது வெளி விளிம்பிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும். தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் ஓடுவதால் கம்பியைக் கடைசியில்தான் அறுக்க வேண்டும்.

இணைப்புகளைத் துண்டித்தல்

மெயின் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இன்வெர்ட்டர் ஏதாவது பேட்டரியோடு கிடக்கிறதா பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து ஒரு வயர் மோட்டாருக்குத் திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருப்பது அபூர்வமில்லை. ஒவ்வொரு பாயின்டையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு அந்தச் சுவரைத் தொடச் சொல்லுங்கள். மீட்டரை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை, பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து அவர்களே செய்யட்டும்.

சுவர் உடைக்கும் பிரேக்கர் மெஷினுக்கும் கட்டிங் மெஷினுக்கும் மின்சாரம் வேண்டுமே? மீட்டருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பலகை அடித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டு அதிலிருந்து மட்டும் எடுங்கள். மரப் பட்டியில் ஓடும் அறுபது வருட வயரில் பிரேக்கரை மாட்டினால் புகைதான் வரும். எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

தண்ணீரில் ஒரே ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்து மற்றதை அடைத்துவிடுங்கள். தூசியை அடக்க அது தேவைப்படும். அப்புறம் பாத்ரூம், சமையலறை, முற்றம் எங்கெல்லாம் தண்ணீர் போகும் வழி இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய சாக்கை உருட்டி இறுக்கமாக அடையுங்கள். புதிதாக வேலை பார்க்கிறவர்கள் மறப்பது இதைத்தான். ஒரு கைப்பிடி சிமென்டுத் துண்டு பைப்புக்குள் போய் வளைவில் உட்கார்ந்தால் அது குடிவந்த மூன்றாம் மாதம் தெரியவரும், அதற்குள் மேலே டைல்ஸ் போட்டிருப்பீர்கள்.

செப்டிக் டேங்கை யாரும் இறங்கிப் பார்க்க வேண்டாம். பல வருடம் மூடிக் கிடந்த தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற விஷ வாயு நிற்கும். ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. டேங்கர் லாரியைக் கூப்பிடுங்கள். தொட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரியாவிட்டால், கொல்லையில் லோடு வண்டியை ஏற்றுவதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள். பழைய கடப்பா கல் மூடி டிராக்டர் சக்கரத்தைத் தாங்காது.

முதல் நாள் வேலை இடிப்பது அல்ல

பூட்டிக் கிடந்த வீட்டில் உங்களுக்கு முன்பே குடியிருப்பவர்கள் உண்டு. விறகுக் குவியல், ஓட்டு அடுக்கு, பரண் மூலை, அடைத்த சாக்கடை எல்லாவற்றிலும் பாம்பு, தேள், பூரான் இருக்கலாம். கையை விட்டு எடுக்காமல் நீளக் கம்பால் கிளறிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாம்பு கண்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். கூரைக்கடியில் குளவிக் கூடு, கதண்டுக் கூடு இருந்தால் அன்று பிரேக்கரை ஓட்டாதீர்கள். அதிர்வில் மொத்தமாகக் கிளம்பி வரும்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். பிடுங்கி இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். தண்டை வெட்டிவிட்டு, வேர் போன வழியே செங்கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வேரை விட்டுப் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

அடுத்தது கழற்றி எடுக்க வேண்டிய பொருட்கள். தேக்குக் கதவு, நிலை, ஜன்னல் கிராதி, பித்தளைக் கொக்கி, ஊஞ்சல் சங்கிலி, செம்பு வயர், கடப்பா கல் அலமாரித் தட்டு. பழைய பர்மா தேக்குக்கு இன்றைக்கும் நல்ல விலை. பழைய மரக் கடையில் கன அடிக் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு கடையிலாவது விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். "பழைய சாமானை எடுத்துக்கிட்டு நாங்களே இடிச்சுத் தந்துடறோம்" என்று வரும் கான்ட்ராக்டர்கள், முழு வீட்டையும் தரைமட்டமாக்குவதற்குச் சரியான ஆட்கள். பாதி வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அவர்கள் ஒத்துவர மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது உத்தரம், அதைச் சீக்கிரம் உருவ வேண்டும், சுவருக்கு என்ன ஆனால் என்ன. நான் சொல்வது: கழற்றுவதும் பிரிப்பதும் நாள் கூலிக்கு, கழிவை அள்ளுவது மட்டும் லோடு கணக்கில். கழற்றிய பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கதவில் பழைய பெயின்ட் தோல் உரிந்திருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ நெருப்பு காட்டி எரிக்கவோ கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு வைக்கும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, நனைத்துச் சுரண்டி, அந்தச் செதிலைத் தனிப் பையில் கட்டிவிடுங்கள். கைக்குழந்தையோடு குடிவரப் போகும் ஒரு குடும்பம் அந்தத் தரையில்தான் உட்காரும்.

மேலிருந்து கீழே

வீட்டை இடிப்பது, கட்டிய படத்தைப் பின்னோக்கி ஓட்டுவது போலத்தான். கடைசியாக வைத்தது முதலில் வர வேண்டும். சுவரின் அடியைக் குடைந்து, கயிறு கட்டி இழுத்துத் தள்ளுவது வேகமான வழியாகத் தெரியும். ஆட்கள் சுவருக்கடியில் சிக்கும் செய்திகளில் பல இப்படி வருவதுதான். கட்டிட இடிப்புப் பாதுகாப்புக்கு என்றே ஐ.எஸ். 4130 என்று ஒரு இந்தியத் தரநிலை இருக்கிறது. அதுவும் மேலிருந்து படிப்படியாக வரச் சொல்வதுதான். சாயங்காலம் வேலை முடியும்போது பாதி இடித்த சுவர் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்கக் கூடாது. ஒன்று இறக்கி முடியுங்கள், இல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொல்லையின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டிலிருந்து தொடங்கலாம். உடைத்தால் கிளம்பும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் பல பத்தாண்டு கழித்துக்கூட வரலாம். எனவே அதை உடைக்கவும் கூடாது, கட்டிங் மெஷினால் அறுக்கவும் கூடாது. நன்றாக நனைத்து, சீட்டைப் பிடித்திருக்கும் வளைந்த ஜே போல்டைக் கழற்றி, முழு சீட்டாக இறக்கி, பாலித்தீனில் சுற்றி வையுங்கள். துணியை மூக்கில் கட்டுவது இதற்குப் பயன்படாது, முகத்தோடு ஒட்டும் நல்ல வடிகட்டி மாஸ்க் வேண்டும். சீட்டின் மேல் ஆள் ஏறவே கூடாது. பழைய சீட் அப்பளம் மாதிரி ஒடிந்து ஆள் உள்ளே விழுவது அடிக்கடி நடக்கிறது. கீழிருந்து சாரம் கட்டிக் கழற்றுங்கள்.

ஓட்டுக் கூரையில் முதலில் முகட்டு ஓடு, பிறகு இரண்டு சரிவிலும் சமமாக மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் பாரம் ஒருபக்கமாகிக் கூரை சாயும். ஓட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கை மாற்றி இறக்கி, படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். பழைய மங்களூர் ஓட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது, உங்களுக்கே மாற்று ஓடாகவும் உதவும். ஓடு இறங்கிய பிறகு ரீப்பர் (ஓடு உட்காரும் சட்டம்), கைமரம் (அதைத் தாங்கும் சரிவு மரம்), கடைசியாக விட்டம். கைமரங்கள் நன்றாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு, ரீப்பரை மட்டும் மாற்றித் திரும்ப ஓடு வேய்ந்துவிடலாம். வாடகை வீட்டுக்கு அது தாராளம், வெயிலுக்கும் நல்லது.

மெட்ராஸ் டெரஸ் வேறு சங்கதி. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகக் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டித்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்றதும் முழுத் தளத்தையும் எடுத்துக் கான்கிரீட் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவையில்லை. கட்டைகள் திடமாக இருந்தால் தட்டோட்டையும் அதன் கீழ் கெட்டுப்போன ஜல்லியையும் மட்டும் எடுத்துத் திரும்பப் பதித்தால் ஒழுக்கு நிற்கும். ஒன்றிரண்டு கட்டை தொய்ந்திருந்தால் அடியில் இரும்பு கர்டர் கொடுத்துத் தாங்க வைக்கலாம். கட்டையின் முனைகள் வரிசையாக இற்றுப் போயிருந்தால்தான் இடிக்க வேண்டும். அப்போது ஆள் செங்கல் மேல் நிற்கக் கூடாது. கட்டைகளின் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நிற்க வேண்டும். கீழ் அறையைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைக்கு நடுவே ஓரிடத்தில் செங்கல்லைத் தளர்த்தினால் அந்த வரிசை மொத்தமும் எந்த நேரத்திலும் கீழே வரும். இந்தத் தளத்தில் பிரேக்கர் மெஷினே வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். மண் சாந்து, சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்கும் அப்படியே. அதிர்வு, இடிக்காத சுவரையும் சேர்த்து உலுக்கிவிடும்.

இடித்ததை மாடியிலேயே குவித்து வைக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். வீட்டுத் தளம் தாங்க வேண்டிய சுமையாகத் தரநிலை எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்குப் பதினெட்டுக் கிலோ சொச்சம். ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கழிவு குவிந்தால் சதுர அடிக்கு முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும். புதுத் தளத்துக்கே அது இரண்டு மடங்கு, துருப்பிடித்த கம்பியோடு இருக்கும் தளத்துக்குச் சொல்லவே வேண்டாம். உடைக்க உடைக்க இறக்கிக்கொண்டே இருக்க ஒரு சித்தாளைத் தனியாகப் போடுங்கள்.

பாத்ரூம், பூச்சு, தரை

பாத்ரூமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வாடகை வீட்டுத் தகராறுகளில் பல பாத்ரூம் கசிவில் ஆரம்பிக்கின்றன. மேலே புது டைல்ஸ் ஒட்டி மறைக்காமல் பழைய டைல்ஸ், அடியில் உள்ள சாந்து, பள்ளத் தளத்தில் அடைத்திருக்கும் செங்கல் கழிவு, துருப்பிடித்த ஜிஐ பைப் எல்லாவற்றையும் தளம் தெரியும் வரை எடுத்துவிடுங்கள். அதே நேரத்தில் அடித் தளத்தில் கம்பி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கும். தட்டினால் உதிர்வதை உதிர்த்துவிட்டு, என்ன செய்வது என்று என்ஜினியரைக் கேட்ட பிறகு தொடருங்கள்.

சுவர்ப் பூச்சில் ஓதம் ஏறி உப்புப் பூத்த இடத்துக்கு ஒரு அடி மேல் வரை கொத்தினால் போதும். முழு வீட்டையும் கொத்திவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பொக்கையாக இல்லாத பழைய சுண்ணாம்புப் பூச்சு, நாளை நீங்கள் போடப் போகும் சிமென்டுப் பூச்சைவிட அந்தச் சுவருக்கு ஒத்துப்போகும். கொத்திய சுவரைச் சில வாரம் காற்றாட விட்டுவிட்டுப் பூசுங்கள்.

தரையை உடைப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, பல பழைய வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்றால் தரையை உயர்த்தத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் பழைய தரையை உடைக்கவே தேவையில்லை, அதன் மேலேயே நிரப்பலாம். உயர்த்திய பிறகும் அறைக்கு ஒன்பது அடி உயரம் மிஞ்சுகிறதா, வாசல் தலையில் இடிக்காதா என்று மட்டும் அளந்து பாருங்கள். தெருவைவிட உயரமாக இருக்கும் வீட்டில் ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் நன்றாக இருந்தால் சாக்கு விரித்து மூடிக் காப்பாற்றுங்கள். ஆத்தங்குடிக் கல்லை உடையாமல் பெயர்ப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

வாஸ்து பார்க்கிற உறவினர் ஒருவர் இந்தக் கட்டத்தில் கட்டாயம் வருவார், சமையலறையை மூலை மாற்றச் சொல்வார். காபி கொடுத்து அனுப்புங்கள்.

கழிவு

எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 75 கன அடி. இடித்ததும் அது பொங்கிக் கிட்டத்தட்ட 100 கன அடி ஆகும், அதாவது ஒரு யூனிட். எடை மூன்றரை, நான்கு டன். உங்கள் தெருவில் எந்த வண்டி நுழையும் என்பதைப் பார்த்து லோடு பேசுங்கள்.

இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல், மண் என்று இடிக்கும்போதே பிரித்துப் போடுங்கள். கட்டிட இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016இல் வந்த விதிகளும் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல்தான் வைத்தன. செங்கலும் கான்கிரீட்டும் தரை உயர்த்த நிரப்பலாகும். மரத்துண்டு ஒன்றுகூட அதில் கலக்கக் கூடாது, கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று உள்ளாட்சியில் கேளுங்கள். சென்னையில் என்றால் 1913க்குப் போன் செய்யலாம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. "நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லும் வண்டிக்காரர் பல நேரம் குளக்கரையில் கொட்டிவிட்டு வருவார், மாட்டினால் பதில் சொல்வது நீங்கள்.

கொல்லைக் கிணற்றில் கொட்டி மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். தூர் வாரி, மேலே கம்பி வலை போட்டு, மாடித் தண்ணீரை அதில் விட்டால் மழைநீர் சேகரிப்புக்குத் தனிக் குழி தோண்டும் செலவு மிச்சம். தமிழ்நாட்டில் 2003லிருந்து அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம்.

ஆட்கள்

செருப்புக் காலோடு, தலையில் துண்டு மட்டும் கட்டி வேலை பார்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, மாஸ்க் நீங்களே வாங்கி வையுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள், சிமென்டுத் துண்டு ஒன்று கண்ணாடியில் பட்டுத் தெறித்த பிறகு அவர்களே எடுத்து மாட்டிக்கொள்வார்கள். கான்கிரீட், டைல்ஸ் அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும். அந்த வெள்ளைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். விபத்து நடந்தால் பதிவு செய்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. அட்டை இல்லாதவரைப் பதியச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியும் குடிநீரும் வாசலிலேயே இருக்கட்டும், 108 எல்லார் போனிலும் இருக்கட்டும்.

இடித்து முடித்த அன்று

கொத்தனாரைக் கூப்பிட அவசரப்படாதீர்கள். சாக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, சாக்கடைச் சேம்பரில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். திறந்து கிடக்கும் தரைக்கும் சுவர் அடிக்கும் கரையான் மருந்து அடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பூசி முடித்த பிறகென்றால் ஓட்டை போட்டுத்தான் அடிக்க வேண்டும். சுவருக்குள் விட்டுவைத்த பைப், வயர் எங்கே ஓடுகிறது என்பதை டேப்பை விரித்து வைத்து அறை அறையாகப் படம் எடுங்கள். பூச்சுக்குப் பிறகு யாராவது டிவி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் வேண்டியிருக்கும்.

அப்புறம் எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் வந்து வயருக்கும் பைப்புக்கும் சுவரில் காடி வெட்டட்டும். கடைசி லோடு வண்டியை அதுவரை அனுப்பிவிடாதீர்கள், காடி வெட்டும் கழிவு மட்டுமே ஒரு போர்ஷனுக்குப் பத்திருபது சாக்கு தேறும்.